பத்தியம் (நாள்பட்ட வயிற்று நோய்களில்)

பத்தியம் என்பது நோயாளி மருந்து உண்ணும் காலத்திலும், அதன்பின் உடல் தேறிவரும் காலத்திலும், சில உணவுகளை விலக்கிச் சிலவற்றை அளவோடு உண்டு, குறித்த நாள்வரை கடைப்பிடிக்கும் உணவு ஒழுங்கு ஆகும். தமிழ் மருத்துவ மரபில் காய்ச்சல் முதல் பிள்ளைப்பேறு வரை பலவற்றுக்கும் பத்தியம் உண்டு. ஆயினும் குடற்புண், நாள்பட்ட கழிச்சல், குடல் அழற்சி போன்ற வயிற்று நோய்களில்தான் அது மிகக் கடினமாகிறது. கால் எலும்பு முறிந்தவர் காலை அசைக்காமல் வைத்து ஓய்வு கொடுக்கலாம். குடலுக்கு அப்படி முழு ஓய்வு கொடுக்க இயலாது. நோயுற்ற உறுப்பைக் கொண்டே நாள்தோறும் மூன்று வேளை வேலை வாங்க வேண்டியிருக்கிறது. நோயாளி விலக்க வேண்டிய பொருளும் அதே அடுக்களையில், அதே தட்டுகளில், மற்றவர்களுக்காகச் சமைக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

சொல்லும் வகைகளும்

பத்தியம் என்ற சொல் வழி என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. உடலின் வழிக்கு ஏற்றது என்பது அதன் கருத்து. ஏற்காதது அபத்தியம் எனப்படும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, மருந்தைப் பற்றி அல்லாமல் உணவின் அளவையும் முன் உண்டது செரித்ததா என்பதையுமே பேசுகின்றன.

சித்த மருத்துவம் வயிற்று நோய்களைக் குன்மம், கிராணி, சூலை, மந்தம், மூலம் எனப் பல பெயர்களில் வகுத்தது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகையில் திருநாவுக்கரசருக்கு நீங்கியதாகப் பெரியபுராணம் கூறுவது இந்தச் சூலை நோயையே. இவ்வகை நோய்களுக்கான பத்தியத்தில் புளி, கடுகு, நல்லெண்ணெய், பூசணி, மாங்காய், மொச்சை, கருவாடு, இறைச்சி, புகையிலை, மது ஆகியவை பொதுவாக விலக்கப்படும். அகத்திக்கீரை மருந்தின் வலிமையை முறிக்கும் என்று அதையும் விலக்குவர். பிஞ்சுக் காய்கள், பாசிப்பயறு, குழைந்த சோறு, நீர்மோர் ஆகியவை கொள்ளத்தக்கவை. உப்பையும் புளியையும் அடியோடு நீக்கினால் உண்ண முடியாது என்பதால் அவற்றை வறுத்துச் சிறிதளவு சேர்க்கும் வழக்கமும் இருந்தது. உப்பே இல்லாத பத்தியம் கடும்பத்தியம் ஆகும்.

இந்த வகைகளுள் இன்றைய வாசகர் அதிகம் கவனிக்க வேண்டியது மறுபத்தியம். மருந்து நிறுத்தப்பட்ட பிறகும் சில நாள் தொடர வேண்டிய பத்தியத்துக்கு இப்பெயர். நோய் தணிந்துவிட்டது, மருந்தும் முடிந்துவிட்டது, ஆனாலும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற ஒரு தனிக் காலம் உண்டு என்பதை முன்னோர் கண்டு அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள். பத்தியம் முறிவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

தணிதலும் ஆறுதலும்

வலி தணிவதும் புண் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. சிறுகுடலின் உட்பரப்புச் செல்கள் ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உடலில் மிக விரைவாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இதைக் கேட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் செல்கள் புதிதாக முளைப்பது வேறு, நோயால் சிதைந்த அமைப்பு பழைய உருவுக்குத் திரும்புவது வேறு. வயல் வரப்பில் புல் நான்கு நாளில் முளைத்துவிடும். உடைந்த வரப்பு அதனால் உறுதியாகிவிடாது.

குடற்புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் எரிச்சல் சில நாள்களிலேயே அடங்கிவிடுகிறது. புண் ஆறுவதற்கோ பொதுவாக 4 முதல் 8 வாரம் ஆகும். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உடல் எதிர்ப்பதால் வரும் சீலியாக் நோயில், அந்தத் தானியங்களை நிறுத்தினால் கழிச்சல் சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஆனால் குடலின் விரல்போன்ற உறிஞ்சிகள் மீண்டும் நிமிர்வதற்குப் பெரியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. வயிற்றுக் காசநோய்க்கு மருந்துக்காலம் 6 மாதம். பசியும் எடையும் அதற்கு வெகு முன்பே திரும்பிவிடுகின்றன. பெருங்குடல் அழற்சியிலும் இப்படியே. நோயாளி நலமாக உணரும்போதும் உள்நோக்கிக் குழாய் வழியே பார்த்தால் சிவந்த புண்கள் தெரிவதுண்டு.

தமிழ்நாட்டில் இந்த நீண்ட தேறுதலை அறிவியல் முறையில் ஆராய்ந்த இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நாள்பட்ட கழிச்சல் நோய் கூட்டங்கூட்டமாகப் பரவியது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் அதை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் ஆள் மெலிந்துகொண்டே போகும் அந்நோய், பழைய நூல்கள் கிராணி என்று சொல்வதற்கு நெருக்கமானது. போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் அதற்குரிய சிகிச்சை. அதைச் சில மாதங்கள் தொடர வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் தரும் அறிவுரை.

ஆகவே நோயாளி பொறுமை காக்க வேண்டிய காலம், வலியில் துடிக்கும் காலம் அல்ல. அப்போது யாருக்கும் முறுக்கு நினைவுக்கு வராது. வலி போய், பசி திரும்பி, நாக்குச் சுவை கேட்கத் தொடங்கி, உள்ளே புண் இன்னும் ஆறாமல் இருக்கிற இடைக்காலமே கடினமானது.

காந்தியின் பத்தியம் முறிந்த நாள்

இந்த இடைக்காலத்தின் ஆபத்துக்கு இந்தியாவில் நன்கு பதிவான எடுத்துக்காட்டு மகாத்மா காந்தியுடையது. ‘சத்திய சோதனை’யில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1918ஆம் ஆண்டு குஜராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டும் பணியில் அவர் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார். அப்போது அவருடைய முக்கிய உணவு நிலக்கடலையை அரைத்த வெண்ணெயும் எலுமிச்சையும். கடலை வெண்ணெய் அளவு மீறினால் கெடுதி என்று தெரிந்தும் அதிகம் உண்டதால் இலேசான சீதபேதி கண்டது. ஒரு வேளை உணவை விட்டார். மறுநாள் தொந்தரவு குறைந்தது. முழுமையாகக் குணமாக வேண்டுமானால் பட்டினியை நீட்ட வேண்டும், ஏதேனும் கொண்டாலும் பழச்சாறு மட்டுமே கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பகலில் தமக்கு எதுவும் வேண்டாம் என்று கஸ்தூர்பாவிடம் சொல்லியும் வைத்தார்.

அன்று ஏதோ பண்டிகை. பாலும் பால்பொருளும் கொள்வதில்லை என்று காந்தி விரதம் பூண்டிருந்ததால், கஸ்தூர்பா நெய்க்குப் பதிலாக எண்ணெய் சேர்த்துக் கோதுமையில் இனிப்புக் கஞ்சி செய்திருந்தார். ஒரு கிண்ணம் பாசிப்பயறும் தனியே எடுத்து வைத்திருந்தார். இரண்டும் காந்திக்குப் பிடித்தவை. மனைவியின் மனம் கோணாமலும் நாக்கின் ஆசை தீரவும் சிறிதளவு உண்போம் என்று உட்கார்ந்தவர் வயிறு நிறைய உண்டு எழுந்தார். ஒரு மணி நேரத்துக்குள் சீதபேதி கடுமையாகத் திரும்பியது. அன்று மாலை சபர்மதி ரயில் நிலையத்துக்குச் செல்லும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவையே அவரால் மிகுந்த வேதனையோடுதான் கடக்க முடிந்தது. நடியாத்தில் ஒரு நாளுக்கு முப்பது நாற்பது முறை கழிச்சல் ஆயிற்று. மருந்தும் மறுத்தார். தம் மடமைக்குரிய தண்டனையைத் தாமே அனுபவிப்பதுதான் முறை என்று கருதினார். சாவு நெருங்கிவிட்டது என்றே எண்ணினார். அந்த அத்தியாயத்துக்கு அவர் இட்ட தலைப்பும் அதைத்தான் சொல்கிறது.

இந்நிகழ்ச்சியில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காந்தியைவிட உணவுக் கட்டுப்பாட்டில் பயிற்சி பெற்றவர் அன்றைக்கு அரிது. பட்டினி அவருக்குப் பழக்கமானது. ஆகவே பத்தியம் முறிந்ததற்கு மனவலிமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. தொந்தரவு குறைந்திருந்தது, பண்டிகை வந்தது, விருப்பமான பண்டம் அவருக்கென்றே அன்போடு செய்யப்பட்டுக் கண்முன் இருந்தது. இந்த மூன்றும் ஒரே வேளையில் கூடின. ‘கொஞ்சம் மட்டும்’ என்ற கணக்கு அங்கே நிற்கவில்லை. பசித்த வயிற்றுக்கு முன் முழுக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொஞ்சத்தோடு நிறுத்துவது, தொடாமலே இருப்பதைவிடக் கடினம்.

பின்கதையும் சுவையானது. பல மாதம் படுக்கையில் கிடந்து எலும்பும் தோலுமானவரைப் பரிசோதித்த டாக்டர் தலால், பால் அருந்தாமல் உடலைத் தேற்ற முடியாது என்றார். விரதத்தைக் காட்டிக் காந்தி மறுத்தார். விரதம் பூண்டபோது பசுவின் பாலும் எருமைப் பாலும்தானே உங்கள் மனத்தில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்டார். ஆட்டுப்பால் அருந்தத் தொடங்கினார், உடல் தேறியது. விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உட்பொருளை விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பத்தியத்தை முறித்த அதே கஸ்தூர்பாதான் அவரைப் பிழைக்கவும் வைத்தார் என்பதை இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பல நேரம் விட்டுவிடுகிறார்கள்.

ஆசை எழும் வழி

நாக்கின் ஆசை மனத்தின் பலவீனம் மட்டுமன்று, உடலின் வேலை. உணவைக் கண்டாலும் அதன் மணம் வந்தாலும், ஒரு பருக்கை வாய்க்குள் போகும் முன்பே எச்சிலும் இரைப்பை நீரும் சுரக்கத் தொடங்குகின்றன. உருசிய அறிவியலாளர் இவான் பாவ்லவ் நாய்களைக் கொண்டு இதை விளக்கினார். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். குடற்புண் உள்ளவர் பஜ்ஜிக் கடை வாசலில் நின்றால் உண்ணாமலே வயிறு எரிவதாகச் சொல்வது வெறும் கற்பனை என்று தள்ளிவிடக் கூடியதல்ல.

பசியை நெடுநாள் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944–45இல் அன்செல் கீஸ் நடத்திய ஆய்வு சான்று. உடல்நலம் உள்ள 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களின் எண்ணமெல்லாம் உணவாகவே மாறிப்போனது. சமையல் நூல்களைக் கதைநூல் போலப் படித்தார்கள். கனவிலும் சாப்பாடு வந்தது. நேர்மையான, மனவுறுதி மிக்க இளைஞர்களுள்ளும் சிலர் மறைவாகத் தின்றார்கள்.

அளவுக்கு மீறிக் கட்டினால் பத்தியமே ஆசையை வளர்க்கும் என்பது இதிலிருந்து பெறப்படுவது. புளி வேண்டாம், காரம் வேண்டாம் என்று சொல்லப்பட்டதோடு நிற்காமல், பயத்தால் பருப்பையும் காயையும் முட்டையையும் தாமாகவே விட்டுவிட்டு வெறும் கஞ்சியில் மாதக்கணக்கில் கிடக்கும் நோயாளிகள் உண்டு. இவர்கள் மெலிவார்கள், ஆறவேண்டிய புண்ணும் புரதம் இன்றி ஆறாது, பிறகு ஒருநாள் திருமண வீட்டில் எல்லாக் கட்டும் ஒன்றாக அறுந்துபோகும்.

செஞ்சி வட்டாரத்தில்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த செஞ்சி, நெல்லும் நிலக்கடலையும் விளையும் வட்டாரத்தின் சந்தை ஊர். இங்கே நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அறுவடைக் காலத்தில் பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைக்கும் மணம் தெருவெங்கும் இருக்கும். கொழுப்பும் நார்ப்பொருளும் மிகுந்த கடலை, தேறிவரும் குடலுக்கு எளிதான உணவு அல்ல. காந்தியின் நோயைத் தொடங்கி வைத்ததும் கடலைதான் என்பதை இவ்விடத்தில் நினைக்கலாம்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கூழ் தேறி வருபவர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளும். அதனோடு சேர்ந்து வரும் கருவாட்டுக் குழம்பும் பச்சை மிளகாயும்தான் தொல்லை. அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் பெருங்கூட்டம் செல்கிறது. நள்ளிரவுவரை கண்விழித்து, வழிக்கடையில் கிடைத்ததை உண்டு திரும்புவது வழக்கம். பத்தியம் இருப்பவருக்கு நாட்காட்டியில் ஆபத்தான நாள்கள் இவை. திடீரென வருபவை அல்ல, முன்கூட்டியே தெரிந்தவை என்பதுதான் இவற்றில் உள்ள வசதி.

இதே வட்டாரத்தில் உணவை அடக்கி வாழும் மரபும் தொன்மையானது. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர்கள் பரவலாக வாழ்கின்றனர். அவர்களின் மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. பொழுது சாயுமுன் இரவு உணவை முடிப்பது அவர்களின் நெறி. உயிர்க்கொலை தவிர்க்க ஏற்பட்ட இந்நெறி, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இன்றைய மருத்துவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடித்தால் இரைப்பை அமிலம் மேலேறுவது குறையும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைச் சொல்லும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அது துறவியின் சமய நோன்பு. உடலை விடுவதற்காக மேற்கொண்டது. பத்தியம் உடலைக் காப்பதற்காக மேற்கொள்வது. இரண்டும் வாயைக் கட்டுதல்தான் என்றாலும் நோயாளி ஒருவர் முன்னதைப் பின்பற்றக் கூடாது.

ஏழை உழைப்பாளிக்குப் பத்தியம் இன்னொரு வகையில் கடினம். நடவுக்கோ கல் உடைக்கவோ போகிறவர் காலையில் தூக்குவாளியில் எடுத்துச் செல்வதுதான் பகல் உணவு. குழைந்த சோறும் பாசிப்பயறும் நேரத்துக்குச் சூடாக வயல் வரப்பில் கிடைக்காது. ‘சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்ணுங்கள்’ என்ற அறிவுரையைச் சொல்பவர்கள் கேட்பவரின் வேலை நேரத்தையும் கேட்டுக்கொண்டு சொன்னால் நல்லது. இவர்களுக்குக் கைகொடுப்பது அரிசிதான். அரிசி மாவுப்பொருள் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுமையாக உறிஞ்சப்பட்டுவிடுகிறது; கோதுமை, பருப்பு போல வாயுவை உண்டாக்குவதில்லை. உப்பிட்ட அரிசிக் கஞ்சி கழிச்சலில் நீரிழப்பையும் ஈடுசெய்யும்.

ஆசையைத் தாண்டும் வழிகள்

‘நாக்குச் செத்துப்போச்சு’ என்பது பத்தியம் இருப்பவர் வழக்கமாகச் சொல்லும் குறை. இதை வீட்டார் பிடிவாதமாகக் கருதாமல் செய்தியாகக் கொள்ள வேண்டும். சுவையின்மை நீடித்தால் பத்தியம் நிற்காது. விலக்கப்படாத பொருள்களுக்குள்ளேயே சுவையைத் தேடித் தருவதுதான் சமைப்பவரின் திறமை. நோய்க்கு ஒத்துக்கொள்ளுமானால் சீரகம், கறிவேப்பிலை, கொத்துமல்லி, இஞ்சி ஆகியவை மிளகாயும் புளியும் விட்டுச்சென்ற இடத்தை ஓரளவு நிரப்பும். வாய் நமநம என்றிருக்கும்போது கேட்பது பல நேரம் சுவையை அல்ல, கடித்து மெல்லும் மொறுமொறுப்பை. அதற்கு எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக அரிசிப் பொரி போதும்.

ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணிந்துவிடும். பண்டம் மனக்கண்ணில் காட்சியாக வந்து நிற்பதே அதன் வலிமை. மனத்தை வேறு காட்சியில் ஈடுபடுத்தினால் ஆசையின் வேகம் குறைவதை உளவியல் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு சோதனையில் டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டே அதற்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் அதுவும் ஆகும். பசியோடு சமையலறைக்குள்ளோ கடைத்தெருவுக்கோ போகாமலிருப்பது, விருந்துக்குப் போகுமுன் வீட்டில் சிறிது உண்டுவிட்டுப் போவது ஆகியவை பழைய அறிவுரைகளே.

வீட்டாரின் பங்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. ‘ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்’ என்று கெஞ்சுபவர் பகையாளி அல்லர். பெரும்பாலும் அத்தை, பெரியம்மா, சம்பந்தி வீட்டார். மறுத்தால் அவமதிப்பாகக் கொள்வார்கள். நோயாளி தனியே போராடுவதைவிட, வீட்டில் ஒருவர் முன்னதாகவே ‘மாமாவுக்கு இன்ன தேதிவரை பத்தியம், மோர்ச்சோறு மட்டும் போடுங்கள்’ என்று பந்தி வைக்கும் வீட்டாரிடம் சொல்லிவிட்டால் இலையின்முன் வாக்குவாதம் வராது. தேதி சொல்வது முக்கியம். முடிவுநாள் தெரிந்த கட்டுப்பாட்டை உறவினரும் மதிப்பார்கள், நோயாளியும் தாங்குவார்.

ஒருமுறை தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று பத்தியத்தையே கைவிடுவது, அந்தத் தவற்றைவிட அதிகக் கேடு செய்கிறது. அடுத்த வேளையிலிருந்து தொடர்வதே போதும். தண்டனையாகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

பத்தியத்தில் நேர்ந்த பிழைகள்

விதிக்கப்பட்ட பத்தியம் எல்லாம் சரியானதாகவும் இருந்ததில்லை. அமெரிக்க மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915இல் குடற்புண்ணுக்கு மணிக்கொருமுறை பாலும் பாலேடும் கொடுக்கும் முறையை வகுத்தார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அது பின்பற்றப்பட்டது. பால் அப்போதைக்கு எரிச்சலைத் தணித்தாலும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது என்று பின்னர் தெரிந்தது. குடற்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்ற நம்பிக்கையும் 1980களில் ஆட்டம் கண்டது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் எனக் காட்டினர். அந்தக் கிருமி வளர்த்த நீரை 1984இல் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார் மார்ஷல். 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். மிளகாய் ஆறாத புண்ணை எரிக்கலாம்; புண்ணை உண்டாக்குவது அதுவன்று. கிருமியால் வந்த புண்ணுக்கு 10 முதல் 14 நாள் எதிருயிரி மருந்து தேவை. எத்தனை கடும்பத்தியமும் அதற்கு ஈடாகாது. வலிமாத்திரைகளைத் தொடர்ந்து உண்பதாலும் குடற்புண் வருகிறது. அவர்கள் விலக்க வேண்டியது புளியை அல்ல, அந்த மாத்திரையை.

பால் பற்றி நம் நாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. குடலின் உட்பரப்பு சேதமுறும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குறைந்துபோகிறது. அதனால் கழிச்சலில் இருந்து தேறுபவருக்குப் பால் சில வாரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தயிராகப் புளிக்கும்போது லாக்டோஸ் குறைகிறது. நீர் விட்டுக் கடைந்த மோரில் அது இன்னும் குறைவு. பாலை நிறுத்தி மோரைக் கொடுத்த வழக்கம் இங்கே சரியாகவே பொருந்துகிறது. ஆனால் பத்தியக் குழம்பில் தவறாமல் சேரும் பூண்டு, புளித்த ஏப்பமும் வயிற்று உப்பசமும் உள்ள பலருக்கு ஆகாது.

மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், விழுங்குவதில் தடை, உறக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பத்தியத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பத்தியம் விடுதல்

பத்தியம் விடும் நாளில் தலைக்கு நீர் ஊற்றி விருந்து வைப்பது சில குடும்பங்களில் வழக்கம். வயிற்று நோயாளிக்கு இது பொருந்தாது. மறுபத்தியம் என்ற பழைய கருத்துக்கு மிக அருகில் வருவது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் உருவாக்கிய உணவுமுறை. புண்ணோ அழற்சியோ இல்லாமலே வலி, உப்பசம், கழிச்சல் தரும் குடல் நோய்க்காக அது வகுக்கப்பட்டது. குடலில் எளிதில் நொதித்து வாயு உண்டாக்கும் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகை, சில பழங்கள் ஆகியவற்றை 2 முதல் 6 வாரம் மட்டும் குறைப்பது முதல் கட்டம். அடுத்தது, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. ஒரே நேரத்தில் ஒரு பொருள், முதல் நாள் சிறிதளவு, அடுத்த இரண்டு நாளும் சற்றுக் கூட்டி, மற்ற உணவை மாற்றாமல். ஒத்துக்கொண்டால் அது பட்டியலில் சேரும். இல்லையென்றால் சில நாள் விட்டு அடுத்த பொருள். உண்டதையும் வயிறு சொன்னதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், எது உண்மையாகவே ஆகாதது, எது பயத்தால் விலக்கியது என்பது தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தவர்களில் பலர் தாங்கள் ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருந்த பொருள்களில் பாதியை மீண்டும் உண்ண முடிவதைக் காண்கிறார்கள். ஒத்துக்கொள்ளாததும் நிலையான தடை அல்ல. சில மாதம் கழித்து மறுபடியும் சோதிக்கலாம். சீலியாக் நோய் மட்டும் இதற்கு விலக்கு. அதில் கோதுமையும் பார்லியும் வாழ்நாள் முழுவதும் ஆகா. அரிசியும் கேழ்வரகும் கம்பும் விளையும் ஊரில் அந்த நோயாளிக்குத் தட்டு நிறையவே உணவு இருக்கிறது. கடையில் விற்கும் ரவை, சேமியா, பரோட்டா, கோதுமை கலந்த பெருங்காயத்தூள் ஆகியவற்றை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.